தட்டு பறந்த மாலைகள்: இரவுக் காப்பகம் ஒன்றின் தன்னார்வலர் பயிற்சி குறித்த நிகழ்வு ஆய்வு

வீடற்றோருக்கான இரவுக் காப்பகம் ஒன்றில் 2023 அக்டோபருக்கும் 2024 இறுதிக்கும் இடையில் நடந்தவற்றை இந்தக் குறிப்பு பதிவு செய்கிறது. அங்கே தங்கியிருந்த ஒருவரின் நடத்தை தன்னார்வலர்களைத் திணறடித்தது. அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள், பயிற்சி எப்படி மாறியது, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதே பொருள். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. நான் காப்பகத்தின் ஊழியர் அல்ல. பயிற்சியைத் திருத்தி அமைக்க 2024 ஜனவரியில் அழைக்கப்பட்ட சமூகப் பணியாளர்.

பின்னணி

இத்தகைய காப்பகங்கள் யாருடைய கருணையிலும் முளைத்தவை அல்ல. உணவு உரிமை வழக்கின் தொடர்ச்சியாக 2010-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளும், 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கமும் அவற்றுக்கு அடித்தளம். ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் ஒரு காப்பகம், ஆளுக்கு 50 சதுர அடி என்பது அந்த இயக்கத்தின் அளவுகோல். பெரும்பாலான ஊர்களில் கட்டடம் மாநகராட்சியுடையது. நடத்துவது ஒரு தொண்டு நிறுவனம்.

இந்தக் காப்பகம் மொத்தக் காய்கறிச் சந்தைக்கு நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. ஆண்கள் மட்டும். சுமை தூக்குவோர், ஓட்டல்களில் பாத்திரம் கழுவுவோர், கல்யாண மண்டபங்களில் பரிமாறுவோர், வேலைக்குப் போக முடியாத முதியவர்கள் என்று கலவையான கூட்டம். சம்பளம் வாங்கும் ஊழியர்கள் மூவர்தான்: பொறுப்பாளர், சமையலர், இரவுக் காவலாளி. மற்ற வேலைகள் தன்னார்வலர்கள் தலையில். மாலையில் உணவு பரிமாற நாட்டு நலப்பணித் திட்ட மாணவ மாணவியர் வருவார்கள். வார இறுதிகளில் மென்பொருள் நிறுவன ஊழியர்கள். பதிவேடு எழுதவும் ஆதார், முதியோர் உதவித்தொகை மனுக்களை நிரப்பவும் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்கள் சிலர். இரவில் தங்குவதற்கு மட்டும் ஆண் தன்னார்வலர் ஒருவர் முறைவைத்து வருவார்.

நிகழ்வின் மையத்தில் இருப்பவர் சுமை தூக்கும் தொழிலாளி. வயது ஐம்பத்து நான்கு. மனைவி இறந்துவிட்டார், ஒரே மகளுக்குத் திருமணம் ஆகிவிட்டது. இரவு இரண்டு மணிக்குச் சரக்கு லாரிகள் சந்தைக்குள் நுழையும்போது அவருடைய நாள் தொடங்கும். காலை பத்து மணிக்குள் கூலி கைக்கு வந்துவிடும். டாஸ்மாக் கடை நண்பகல் பன்னிரண்டுக்குத் திறக்கும். மாலைக்குள் இரண்டு குவார்ட்டர் என்பது அவருடைய பல ஆண்டுக் கணக்கு. ஏழு மணிக்குக் காப்பகத்துக்கு வந்து, சாப்பிட்டு, எட்டுக்குப் படுத்துவிடுவார்.

குடித்துவிட்டு வருபவர்களுக்கு அனுமதியில்லை என்று வாசலில் பலகை தொங்கியது. அப்படி வந்தவர்களைக் காவலாளி தன் விருப்பப்படி உள்ளே விட்டார், அல்லது விடாமல் இருந்தார். விதி பலகையில் இருந்தது. அதிகாரம் காவலாளியின் மனநிலையில் இருந்தது.

முதலில் வந்த புகார்கள்

2023 அக்டோபர் முதல் அவரைப் பற்றிப் புகார்கள் வரத் தொடங்கின. சாப்பாட்டுத் தட்டைச் சுவரை நோக்கி வீசினார். வரிசையில் முன்னால் நின்றவரைத் தள்ளினார். ஒரு மாணவரை அவருடைய தாயைச் சேர்த்துத் திட்டினார். மற்ற நாட்களில் யாருடனும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தானே கழுவி வைக்கும் மனிதர் என்பதால், எந்த நாளில் எப்படி இருப்பார் என்று யாராலும் கணிக்க முடியவில்லை. மாணவர்கள் பயந்தார்கள். சிலர் வருவதை நிறுத்தினார்கள்.

நிர்வாகக் குழுவில் இரண்டு கருத்துகள் இருந்தன. ஒரு தரப்பு அவரை வெளியேற்றச் சொன்னது. மறு தரப்பு, தன்னார்வலர்களுக்குப் பொறுமை போதவில்லை, ஒரு பயிற்சி வைத்தால் சரியாகிவிடும் என்றது. இரண்டாவது கருத்து வென்றது. அதற்கு அவர் மேல் இருந்த பரிவைவிட, அவரை வெளியேற்றினால் புதிய சுமை தூக்குவோரைச் சந்தையிலிருந்து அழைத்து வருவது கடினமாகிவிடும் என்ற கணக்கே காரணம் என்று பொறுப்பாளர் பின்னர் வெளிப்படையாகவே சொன்னார்.

இருந்த பயிற்சி

அதுவரை தன்னார்வலர்களுக்கு நடந்த பயிற்சி என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். ஒரு பேச்சாளர் சேவையின் பெருமையைச் சொல்வார். ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காணலாம் என்பார். சான்றிதழோடு மதிய உணவு. ஒருவர் தட்டை வீசினால் எங்கே நிற்க வேண்டும், என்ன சொல்ல வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்பது பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. சகித்துக்கொள்வதே சேவை என்ற கருத்து மட்டும் மாணவர் மனத்தில் ஆழமாகப் பதிந்திருந்தது. இதன் கெட்ட விளைவு ஒன்று பின்னால் வருகிறது.

எனக்குத் தரப்பட்ட கோரிக்கையும் அதே திசையில்தான் இருந்தது: கோபக்காரர்களைக் கையாளுவது எப்படி என்று ஒரு நாள் வகுப்பு. வகுப்புக்கு முன்னால் சில வாரங்கள் ஒரு குறிப்பேடு எழுதிப் பார்க்கலாம் என்று கேட்டேன். நிர்வாகம் தயக்கத்தோடு ஒப்புக்கொண்டது.

கவனித்தவை

குறிப்பேட்டில் மூன்று பத்திகள்: முன்னால் என்ன நடந்தது, அப்போது என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது. நடத்தை சார்ந்த வேலைகளில் உலகெங்கும் பழக்கத்தில் உள்ள எளிய முறை இது. ஒரே ஒரு நிபந்தனை: குணத்தைக் குறிக்கும் சொற்கள் கூடாது. ‘திமிராக நடந்தார்’ என்று எழுதக் கூடாது. ‘கூப்பிட்டபோது திரும்பவில்லை’ என்று எழுதலாம். வங்கியில் பேரேடு எழுதிப் பழகிய ஓய்வுபெற்ற தன்னார்வலர்களுக்கு இது உடனே பிடிபட்டது. மாணவர்கள்தான் தொடக்கத்தில் உணர்ச்சிக் கட்டுரை எழுதினார்கள்.

இரண்டாவது பத்தியை மட்டும் படித்தால் அவர் முன்கோபி. முதல் பத்தியைச் சேர்த்துப் படித்தால் வேறு ஒன்று தெரிந்தது. சச்சரவுகளில் பெரும்பாலானவை கொடையாளர் உணவு வந்த மாலைகளில் நடந்திருந்தன. அமாவாசை, யாரோ ஒருவரின் திதி, ஒரு குழந்தையின் பிறந்தநாள். அந்த நாட்களில் காப்பகத்தில் சமைப்பதில்லை. கொடையாளர் குடும்பம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவர்கள் வந்ததும் இறந்தவரின் படத்துக்கு முன்னால் ஒரு நிமிட மௌனம், இரண்டு பேரின் உரை, பிறகு வடை பாயசத்தோடு சாம்பார் சாதம், அதன்பின் புகைப்படம். ஏழரை மணிச் சாப்பாடு ஒன்பதைத் தொடும். இரவு ஒன்றரைக்கு எழ வேண்டிய ஒருவருக்கு அந்த ஒன்றரை மணி நேரம் தூக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது. மாலையில் குடித்த போதையும் அதற்குள் இறங்கத் தொடங்கியிருக்கும். எரிச்சல் ஏறுவதற்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது.

புகைப்படம் தனிக் கதை. தட்டு பறந்த மாலைகளில், வீச்சுக்குச் சற்று முன்னால் யாரோ கைபேசியை உயர்த்தியிருந்தார்கள் என்பது குறிப்பேட்டில் திரும்பத் திரும்ப வந்தது. இதைப் பற்றி அவரிடம் கேட்டது பொறுப்பாளர், சந்தையில் தேநீர்க் கடையில் வைத்து. அவர் நீண்ட விளக்கம் தரவில்லை. முந்தைய ஆண்டு ஒரு குடும்பம் வாட்ஸ்அப்பில் பகிர்ந்த படம் சுற்றிச் சுற்றி மகளின் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டது. அதன்பின் மகள் அவரோடு பேசுவதில்லை. இதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இன்னொன்றும் பதிவாகியிருந்தது. புதிதாக வரும் தன்னார்வலர்கள் பேச்சைத் தொடங்க எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள்: சொந்த ஊர் எது, பிள்ளைகள் இல்லையா, அவர்கள் ஏன் பார்த்துக்கொள்வதில்லை. கேட்பவருக்கு அது அக்கறை. ஊர்ப் பெயரிலிருந்து தெருவும், தெருவிலிருந்து சாதியும் வெளிப்பட்டுவிடும் என்று அறிந்தவருக்கு அது விசாரணை. ஐம்பத்து நான்கு வயதில் நூறு கிலோ மூட்டை தூக்குபவரை இருபது வயது மாணவர்கள் ‘தாத்தா’ என்று அழைத்ததும் அவருக்கு உவப்பாக இல்லை. காவலாளி அவரை ஒருமையில் விளித்ததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

முதல் கட்ட முடிவுகள்

பிப்ரவரி இறுதியில் மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டன. உணவு நேரம் ஏழரை. கொடையாளர் வந்தாலும் வராவிட்டாலும் அந்த நேரத்தில் பரிமாறப்படும், வடையும் பாயசமும் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளலாம். தங்கியிருப்பவர்களின் முகம் தெரியும் படம் எடுக்கக் கூடாது. பாத்திரங்களையும் பரிமாறும் கைகளையும் எடுத்துக்கொள்ளலாம். வேலைக்குப் பின்னிரவில் எழுபவர்களுக்குக் கதவோரம் தனி வரிசையில் கட்டில்.

இவற்றில் ஒன்றுகூடப் பயிற்சி அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். தன்னார்வலருக்கு எவ்வளவு பொறுமை கற்றுக்கொடுத்தாலும் ஒன்பது மணிச் சாப்பாடு ஏழரைக்கு வராது. நிறுவனம் தானே உண்டாக்கும் கோபத்தைத் தணிக்கத் தன்னார்வலரை அனுப்புவது அவருக்கு இழைக்கும் அநீதி என்பது என் கருத்து. இதில் நான் சமரசத்துக்குத் தயாராக இல்லை.

படத் தடையைக் கொடையாளர்கள் எளிதில் ஏற்கவில்லை. சிலர் வேறு இல்லங்களைத் தேடிப் போனார்கள். அமாவாசை உணவு குறைந்தது; அந்த நாட்களில் காப்பகம் சொந்தச் செலவில் சமைக்க வேண்டியதாயிற்று. இந்த இழப்பை நிர்வாகம் தாங்கிக்கொண்டது பாராட்டத்தக்கது. மார்ச் மாதம் முழுவதும் தட்டு எதுவும் பறக்கவில்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்ற எண்ணம் பரவியது.

ஏப்ரல் 18 இரவு

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு வாக்குப்பதிவு நாள் ஏப்ரல் 19. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் மது விற்பனை கூடாது என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் விதி. அதன்படி 17, 18, 19 ஆகிய மூன்று நாட்களும் மாநிலம் முழுவதும் மதுக்கடைகள் மூடப்பட்டிருந்தன. சாதாரணமாக ஒரு நாள் விடுமுறை என்றால் முந்தைய நாளே வாங்கி வைத்துக்கொள்வார்கள். மூன்று நாட்களுக்கு வாங்கி வைக்க அவரிடம் காசு இல்லை. கள்ளத்தனமாக விற்றவர்கள் கேட்ட விலைக்கும் அவரால் எட்ட முடியவில்லை. கடைசியாகக் குடித்தது 16-ஆம் தேதி மாலை.

17-ஆம் தேதி இரவு ரசம் ஊற்றிய குவளை அவர் கையிலிருந்து தெறித்தது. 18 காலை அவர் வேலைக்குப் போகவில்லை. இரண்டு முறை வாந்தி எடுத்தார். இரண்டும் குறிப்பேட்டில் இருக்கின்றன, இரண்டு வெவ்வேறு கையெழுத்துகளில். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டியவர் யார் என்று அப்போது வரையறுக்கப்பட்டிருக்கவில்லை.

18 இரவு பதினோரு மணி அளவில் அவர் அலறிக்கொண்டு எழுந்தார். போர்வை முழுக்க எறும்பு என்று உதறினார். வாசலில் ஆட்கள் அரிவாளோடு நிற்கிறார்கள் என்று கதவை நோக்கி ஓடினார். இரவுப் பணியில் இருந்த இளம் தன்னார்வலர் கதவுக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கைகளையும் விரித்து, அமைதியாக இருங்கள் என்று சொன்னார். அவர் தள்ளிய வேகத்தில் தன்னார்வலர் இரும்புக் கட்டில் விளிம்பில் விழுந்து புருவம் கிழிந்தது.

காவலாளி வழக்கமான முடிவுக்கு வந்தார்: குடித்துவிட்டுக் கலாட்டா செய்கிறான், வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டுப் போலீசைக் கூப்பிடலாம். அதைத் தடுத்தவர் தங்கியிருந்தவர்களில் ஒருவர், ஒரு முன்னாள் லாரி ஓட்டுநர். அவன் குடித்ததால் இப்படி ஆடவில்லை, குடிக்காததால் ஆடுகிறான், என் அண்ணனை இப்படித்தான் பறிகொடுத்தேன் என்றார் அவர். தன்னார்வலர் ரத்தம் வழிய உட்கார்ந்திருந்த நிலையிலும், மூச்சில் சாராய வாடை இல்லை என்பதையும், சட்டை வியர்வையில் நனைந்து கிடப்பதையும், கை விரல்கள் நடுங்குவதையும் கவனித்தார். 108-க்கு அழைப்பு போனது. ஆம்புலன்ஸ் வரும்வரை கதவைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் விலகி நின்றார்கள். ஓட்டுநர் மட்டும் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்து, வாசலில் யாரும் இல்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். சுமை தூக்கும் தொழிலாளி வெளியே ஓடவில்லை, கதவருகே குந்தியிருந்தார்.

அரசு மருத்துவமனையில் மது நிறுத்தத்தால் வரும் சித்தப்பிரமை என்று கண்டறிந்து உள்நோயாளியாகச் சேர்த்தார்கள். நீண்டகாலம் நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால், ஆறு மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். சிலருக்கு 48 முதல் 96 மணி நேரத்துக்குள் இல்லாததைக் கண்டு பயப்படும் குழப்ப நிலை வரும். காய்ச்சலும் நாடித்துடிப்பும் ஏறும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகக்கூடும். மருத்துவமனையில் டயசெபாம், லோரசெபாம் வகை மருந்துகளும் தயமின் என்னும் வைட்டமின் பி1-உம் தருவார்கள். கணக்குப் பார்த்தால், அவர் எழுந்து அலறியது கடைசிக் குவளைக்கு ஐம்பது மணி நேரத்துக்குச் சற்றுப் பின்னால்.

வெளியே தள்ளிப் பூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போலீசை அழைப்பது தவறு என்றும் இதற்குப் பொருள் இல்லை. மனநோயால் தன்னைக் கவனித்துக்கொள்ள இயலாமல் அலையும் ஒருவரைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு. ஆனால் தொலைபேசியில் ‘குடிகாரன் கலாட்டா’ என்று சொன்னால் வருகிறவர்கள் அந்தப் பிரிவை நினைத்துக்கொண்டு வரப்போவதில்லை.

பயிற்சி மாறிய விதம்

மே மாதத்தில் நான்கு மாலைகளாகப் புதிய பயிற்சி நடந்தது. மேடை இல்லை, சான்றிதழ் இல்லை. காப்பகத்துக் கூடத்திலேயே, கட்டில்களுக்கு நடுவே.

முதல் மாலை முழுவதும் நோயா நடத்தையா என்ற கேள்விக்கு. தன்னார்வலர் மருத்துவர் ஆக வேண்டியதில்லை. ஆனால் சில அடையாளங்களைக் கண்டால் பேச்சை விட்டுவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று இடம், நேரம் தெரியாமல் பேசுவது. வியர்வையோடு நடுக்கம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர் திடீரென உளறுவது, முரட்டுத்தனமாக நடப்பது. விழுந்து தலையில் அடிபட்டவர் மறுநாள் எரிந்து விழுவது. முதியவருக்குக் காய்ச்சலோடு புதிதாக வந்த குழப்பம். அரசு மருத்துவர் ஒருவர் வந்து இதை எளிய தமிழில் நடத்தினார். இத்தனை நாள் இதையெல்லாம் நாங்கள் வீம்பு என்று நினைத்தோம் என்று ஓய்வுபெற்ற தன்னார்வலர் ஒருவர் சொன்னது பதிவாகியிருக்கிறது.

இரண்டாவது, மூன்றாவது மாலைகள் நடித்துப் பார்த்துப் பழகுவதற்கு. கோபக்காரராக நடித்தவர்கள் மாணவர்கள் அல்ல. முன்னாள் லாரி ஓட்டுநரும், காப்பகத்தில் முன்பு தங்கி இப்போது வாடகை அறையில் வாழும் இன்னொருவரும் அந்த வேடங்களை ஏற்றார்கள். வழக்கமாகப் பேச்சாளருக்குத் தரும் அதே மதிப்பூதியம் அவர்களுக்குத் தரப்பட்டது. நிர்வாகத்தில் சிலருக்கு இது வினோதமாகப் பட்டது. எனக்கு இந்தப் பயிற்சியின் ஆகச் சிறந்த பகுதி அதுதான். ஒரு மாணவி, காட்சியில், நான் சொல்வதைக் கேளுங்கள் என்று விரலை உயர்த்தியபோது ஓட்டுநர் நடிப்பை நிறுத்தினார். இந்த விரலைப் பார்த்தால் எனக்குப் பழைய முதலாளி ஞாபகம் வருகிறது அம்மா, இதற்கு மேல் நீங்கள் என்ன சொன்னாலும் காதில் விழாது என்றார். எந்தப் பாடநூலும் அதை அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்காது.

அங்கே பழகியவை சின்னச் சின்ன விஷயங்கள். இரண்டு கை நீளத் தொலைவில், நேருக்கு நேராக அல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் நிற்பது. கதவுக்கும் அவருக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதது. ஒருவர் மட்டும் பேசுவது. மற்றவர்கள் ஏனையோரைச் சத்தமில்லாமல் அப்பால் அழைத்துப் போவது. தூங்குபவரைத் தோளைத் தொட்டு எழுப்பாமல், கால்மாட்டில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது. ‘அமைதியாக இருங்கள்’ என்று சொல்லாதது. அதைக் கேட்டு அமைதியான மனிதரை இதுவரை யாரும் பார்த்ததில்லை. ‘முடியாது’ என்பதோடு நிறுத்தாமல், எது முடியும், எப்போது முடியும் என்று சேர்த்துச் சொல்வது. தர முடியாததை ஒருபோதும் வாக்களிக்காதது. ஊரையும் பிள்ளைகளையும் பற்றித் தானாகக் கேட்காதது. பெரியவர்களை அண்ணன் என்றோ ஐயா என்றோ, அவர் விரும்பும் விதத்தில் அழைப்பது.

நான்காவது மாலையில் விதிகள். குடித்துவிட்டு வந்தாலும், நிதானமாக நடந்து வந்து படுக்க முடிந்தால் அனுமதி. பாட்டில் உள்ளே வரக் கூடாது. இந்த விதியை நிர்வாகம் ஏற்கக் கடும் விவாதம் நடந்தது. குடியை ஊக்குவிப்பதாகும் என்றார்கள். ஏற்கெனவே காவலாளியின் தயவில் நடப்பதை எழுத்தில் கொண்டுவருகிறோம், அவ்வளவுதான் என்ற வாதம் கடைசியில் நின்றது. குறிப்பேட்டை ஒவ்வொரு மாலையும் ஆறு மணிக்கு, முந்தைய இரண்டு நாட்களையும் சேர்த்துப் படிக்க வேண்டியவர் பொறுப்பாளர் என்று பெயர் சொல்லி எழுதப்பட்டது. தன்னார்வலர் எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் இடத்தை விட்டு விலகலாம் என்பதும் விதியாயிற்று.

அதே காலத்தில் இன்னொருவர்

புரிந்துகொள்வது என்ற பெயரில் எல்லாவற்றையும் மன்னித்துவிடும் ஆபத்து உண்டு. ஜூன் மாதத்தில் அது தெரிந்தது. நாற்பது வயதுள்ள ஒருவர் பரிமாறும் மாணவியரிடம் ஆபாசமாகப் பேசுவதாக ஒரு மாணவி சொன்னார். விசாரித்தால், அது பல மாதங்களாக நடந்திருக்கிறது. பழைய பயிற்சியில் கேட்ட சகிப்புப் பாடத்தை நம்பி யாரும் வாய் திறக்கவில்லை.

குறிப்பேட்டு முறை இங்கே நேர்மாறான பதிலைத் தந்தது. அவர் பசியில் அப்படிப் பேசவில்லை, போதையில் பேசவில்லை, தாமதத்தாலும் பேசவில்லை. ஓய்வுபெற்ற ஆண் தன்னார்வலர்கள் பக்கத்தில் இருந்தபோது ஒருமுறைகூடப் பேசவில்லை. ஆள் பார்த்துப் பேசத் தெரிந்தவர் தன்னைக் கட்டுப்படுத்தவும் தெரிந்தவர்.

இங்கே பேச்சுத் திறனுக்கு வேலை இல்லை. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஊதியம் பெறாத தன்னார்வலரையும் பணியாளர் என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. பணியிடத்தில் தொடர்புக்கு வரும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்பு தருவது நிறுவனத்தின் கடமை என்று அதன் 19-ஆம் பிரிவு சொல்கிறது. நிர்வாகக் குழுவில் இதை அறிந்திருந்தவர் யாரும் இல்லை. ஆபாசமாகப் பேசியவருக்கு எழுத்தில் எச்சரிக்கை தரப்பட்டது. உணவு நேரத்தில் தனியாக, ஆண் தன்னார்வலர் மூலம் பரிமாறப்பட்டது. மறுபடியும் நடந்தபோது, வேறொரு காப்பகத்தில் இடம் உறுதி செய்தபின் வெளியேற்றப்பட்டார். புகார் சொன்ன மாணவியின் விருப்பம் ஒவ்வொரு படியிலும் கேட்கப்பட்டது. போலீசுக்குப் போக அவர் விரும்பவில்லை.

பிறகு நடந்தவை

சுமை தூக்கும் தொழிலாளி ஒரு வாரத்துக்குப் பின் மருத்துவமனையிலிருந்து திரும்பினார். மனநலப் பிரிவின் போதை மீட்பு சிகிச்சைக்குச் சில முறை போனார். ஜூலையில் மறுபடி குடிக்கத் தொடங்கினார். இதைத் தோல்வி என்று எழுதும் பழக்கம் தொண்டு நிறுவனங்களுக்கு உண்டு. காப்பகத்தின் வேலை அவரைத் திருத்துவது அல்ல, பாதுகாப்பாக உறங்க வைப்பது. தட்டு வீச்சு திரும்பவில்லை. ஒருமுறை மட்டும், புதிதாக வந்த ஒருவர் தெரியாமல் கைபேசியை உயர்த்தியபோது, அவர் எழுந்து வெளியே போய்விட்டு அரை மணி நேரம் கழித்து வந்தார். அவருக்கான தட்டு மூடி வைக்கப்பட்டிருந்தது. மகளோடு பேச்சு இன்னும் இல்லை.

மதுக்கடை மூடப்படும் நாட்கள் இப்போது காப்பக நாள்காட்டியில் குறிக்கப்பட்டிருக்கின்றன. காந்தி ஜயந்தி, மே தினம், சுதந்திர தினம் போன்ற ஒற்றை விடுமுறைகளில் ஆபத்து குறைவு. அடுத்தடுத்து வரும்போதே கவனம் தேவை. அந்த மாலைகளில் நாள்தோறும் குடிப்பவர்களிடம் தனியாக, அறிவுரை இல்லாமல், நடுக்கம் இருக்கிறதா, தூக்கம் வந்ததா என்று கேட்கிறார்கள். அக்டோபரில் ஒருவர் இப்படி முன்கூட்டியே புறநோயாளிப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார்.

புருவம் கிழிந்த தன்னார்வலர் திரும்பி வரவில்லை. தையல் ஆறியது, ஆனால் இரவுப் பணிக்கு வீட்டில் சம்மதிக்கவில்லை என்றார். அவருடைய மருத்துவச் செலவைப் பொறுப்பாளர் தன் கையிலிருந்து கொடுத்தார். தன்னார்வலர்களுக்கு விபத்துக் காப்பீடு அப்போது இல்லை. பயிற்சிக்கு வந்த மாணவர்களில் கணிசமானோர் நான்கு மாலைகளை முடிக்காமல் நின்றுவிட்டார்கள். முடித்தவர்கள் நிலைத்தார்கள். சேவை மணிக்கணக்குக்காக வருவோரைவிட அவர்கள் எண்ணிக்கை குறைவு. பொறுப்பாளருக்கு இதனால் மாலைப் பணிகளை நிரப்புவது கடினமாகியிருக்கிறது.

மாற்ற வேண்டியவை

இரவில் ஒரே தன்னார்வலர் என்ற ஏற்பாடு முடிய வேண்டும். ஒருவர் பேச, ஒருவர் 108-ஐ அழைக்க என இருவர் வேண்டும் என்பதை ஏப்ரல் 18 காட்டிவிட்டது. இப்போது பாதி இரவுகளில்தான் இருவர் இருக்கிறார்கள். விபத்துக் காப்பீடு எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் அது மாணவர்களை உள்ளடக்கவில்லை, கல்லூரிகளே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விடப்பட்டிருக்கிறது. கல்லூரிகளுக்கு இது எழுத்தில் தெரிவிக்கப்பட வேண்டும்.

சம்பவத்துக்குப் பின் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் ஏற்பாடும் இல்லை. அன்றிரவு கூடத்தில் தங்கியிருந்த மற்றவர்கள் பல வாரங்கள் தூக்கம் கெட்டுக் கிடந்தார்கள் என்பது ஜூனில்தான் தெரியவந்தது. டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416 இப்போது அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. அது ஒரு தொடக்கம் என்ற அளவில் சரி.

பெரிய இடைவெளி வேறு. குறிப்பேட்டின் முதல் பத்தியில், சச்சரவுக்கு முந்தைய நிகழ்வாக, காவலாளியின் ஏச்சும் சமையலரின் முணுமுணுப்பும் அடிக்கடி வருகின்றன. பயிற்சி தன்னார்வலர்களுக்கு மட்டும் என்று நிர்வாகம் வரையறுத்ததால் அவர்கள் இருவரும் அதற்கு வெளியே நின்றார்கள். இருவரும் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் உழைப்பவர்கள். ஓய்வு நேரத்தில் ஊதியமில்லாமல் வந்து பயிற்சி பெறச் சொல்வதில் நியாயமில்லை. அடுத்த தொகுதிப் பயிற்சியில் இருவரையும் சேர்க்கவும், அந்த மாலைகளுக்குக் கூடுதல் ஊதியம் தரவும் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. முதல் பாதியை நிர்வாகம் ஒப்புக்கொண்டது. இரண்டாவது பாதி நிதிக் குழுவின் முன் நிலுவையில் இருக்கிறது.